பாம்பின் நஞ்சும் பி.பி. மாத்திரையும்

பொம்மனஹள்ளியில் ஓசூர் சாலையை ஒட்டிய எந்த மருந்துக்கடையிலாவது சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் நின்று பாருங்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், பேகூர் பக்கமிருந்து பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் பெரியவர்கள் என்று கூட்டம் நெரியும். ரத்த அழுத்தத்துக்கென்று அவர்கள் நீட்டும் சீட்டுகளில் 'பிரில்' என்று முடியும் பெயர் ஒன்று அடிக்கடி தென்படும். எனலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில். தமிழர், கன்னடர், தெலுங்கர் எல்லாரும் பி.பி. மாத்திரை என்றே கேட்டு வாங்கிப் போகிறார்கள். இந்த வகை மாத்திரைகளுக்கெல்லாம் மூலம் ஒரு பாம்பின் நஞ்சு என்பது வாங்குகிறவர்களில் அநேகம் பேருக்குத் தெரிந்திருக்காது.

மழைக்காலம் வந்தால் அதே பொம்மனஹள்ளியில் பாம்பு வேறு விதமாகப் பேச்சில் அடிபடும். ஏரிக்கரை, இங்கே ராஜகாலுவே என்று சொல்லும் மழைநீர்க் கால்வாய், கட்டாமல் கிடக்கும் மனை, குப்பைமேடு, அதில் பெருகும் எலி. பாம்புக்கு வேறென்ன வேண்டும்? நல்லபாம்பு, கட்டுவிரியன், கன்னடத்தார் கொளகுமண்டல என்று சொல்லும் கண்ணாடி விரியன் ஆகிய மூன்றுமே பெங்களூரு மாநகருக்குள் உண்டு.

நஞ்சே மருந்தாகவும் ஆகிறது பார்த்தீர்களா என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் எப்படி ஆகிறது என்று கேட்டால்தான் சுவாரசியம். நஞ்சு ஒற்றைப் பொருள் கிடையாது. பல டஜன் புரதங்களும் பெப்டைடுகளும் சேர்ந்த கலவை. அதில் உடலின் திசுக்களை வெட்டிச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. அதே கலவைக்குள், நொதிகளின் வேலையை நிறுத்தும் மூலக்கூறுகளும் இருக்கின்றன. நொதித் தடுப்பான்கள் என்று இவற்றைச் சொல்கிறார்கள். மாத்திரை பிறந்தது இந்த இரண்டாவது கூட்டத்திலிருந்துதான்.

முதலில் வெட்டுகிறவர்களைப் பார்த்துவிடுவோம். விரியன்களின் நஞ்சில் இரண்டு நொதிக் குடும்பங்கள் முக்கியம். ஒன்று பாஸ்போலிப்பேஸ் ஏ2. செல்லைச் சுற்றியுள்ள சவ்வின் கொழுப்பை இது அறுக்கும். வேலை செய்யக் கால்சியம் வேண்டும். இன்னொன்று புரதங்களை வெட்டும் நொதி. இதன் நடுவில் ஒரு துத்தநாக அணு உட்கார்ந்திருக்கும். மெட்டல்லோபுரோட்டினேஸ் என்ற நீண்ட பெயரை விட்டுவிட்டு இதைத் துத்தநாக நொதி என்றே அழைப்போம். ரத்த நுண்குழாய்களைத் தாங்கி நிற்கும் சவ்வை இது அரித்துவிடும். ரத்தம் திசுக்களுக்குள் கசியத் தொடங்கும். கண்ணாடி விரியனிடம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நொதி ஒன்று இருக்கிறது. ரத்தம் உறைவதற்கு உதவும் பத்தாம் காரணியை அது வேண்டாத நேரத்தில் முடுக்கிவிடும். உறைபொருள் முழுவதும் வீணாகச் செலவாகிவிட, அதன்பிறகு ஊசி குத்திய துளையிலிருந்துகூட ரத்தம் நிற்காமல் வரும். பாம்புக்கடி என்று போனால் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் ஆடாமல் அசையாமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருக்கிறதா இல்லையா என்ற அந்த எளிய சோதனை இந்த நொதியைப் பிடிப்பதற்குத்தான்.

இப்போது ஒரு கேள்வி. இத்தனை நொதிகளையும் பாம்பு தன் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறது. சுரப்பியும் புரதத்தாலும் கொழுப்பாலும் ஆனதுதான். எலியின் தசையைக் கூழாக்கும் சரக்கு, பாம்பின் சொந்தச் சுரப்பியை ஏன் விட்டுவைக்கிறது? போகட்டும், நஞ்சில் உள்ள மற்றப் புரதங்களையாவது ஏன் வெட்டித் தீர்க்கவில்லை?

இதற்கு விடை அந்தத் துத்தநாக அணுவைச் சுற்றியே இருக்கிறது. நொதியை ஆட்டுக்கல் என்று வைத்துக்கொண்டால் துத்தநாகம்தான் குழவி. கல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழவி இல்லாமல் மாவு ஆட்ட முடியாது. அதனால் ஆட்டுக்கல்லை நிறுத்த இரண்டு வழி: குழவியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவது, அல்லது குழிக்குள் எதையாவது போட்டு அடைத்துவிடுவது. பாம்பு இரண்டையும் செய்கிறது.

விரியன் நஞ்சில் சிட்ரேட் ஏராளம். எலுமிச்சையைப் புளிக்க வைக்கும் சிட்ரிக் அமிலத்தின் உப்புதான் அது. கால்சியம், துத்தநாகம் போன்ற உலோக அயனிகளை இறுகப் பற்றிக்கொள்வது அதன் குணம். ரத்தம் உறையும் நேரத்தைச் சோதிக்கப் பரிசோதனைக் கூடத்தில் நீல மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுப்பார்களே, அந்தக் குழாயிலும் இதே சிட்ரேட் இருக்கிறது. கால்சியத்தைப் பிடித்துவைத்து ரத்தத்தை உறையவிடாமல் செய்கிறது. அடுத்தது, மூன்றே மூன்று அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிப் பெப்டைடுகள். துத்தநாக நொதியின் குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அதை முடக்குகின்றன. ஆப்பிரிக்கச் சுருட்டை விரியனிலும் அமெரிக்கக் கண்டத்து விரியன்களிலும் இவற்றைக் கண்டிருக்கிறார்கள். இவை போதாதென்று, விரியனின் சுரப்பி தன் உள்ளடக்கத்தை அமிலத்தன்மையில் வைத்துக்கொள்கிறது. பி.எச். அளவு சுமார் 5.4. அந்த அமிலத்தில் பல நொதிகள் சோம்பிக் கிடக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குட்டிப் பெப்டைடுகளின் சிக்கனம். அவை நொதியைக் கெட்டியாகப் பிடிப்பதில்லை. தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருக்கின்றன. சுரப்பிக்குள் கூட்டம் அதிகம் என்பதால் ஒன்று விலகினால் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிடும். பாம்பு கடித்து நஞ்சு இரையின் உடலுக்குள் போனதும் என்ன ஆகிறது? ரத்தத்திலும் நிணநீரிலும் எல்லாம் கலந்து நீர்த்துப்போகிறது. விலகிய பெப்டைடின் இடத்துக்கு வேறு பெப்டைடு வருவதில்லை. சுற்றியுள்ள பி.எச். 7.4க்கு ஏறிவிடுகிறது. கால்சியமும் துத்தநாகமும் அங்கே தாராளம். தடை தானாகக் கழன்றுகொள்ள நொதி விழித்துக்கொள்கிறது. இதற்கென்று தனியாக ஓர் ஏற்பாடும் தேவைப்படவில்லை, நீர்த்தலே போதும்.

இது தற்காப்புக்கு வைத்துக்கொண்ட தடுப்பான். இரையைச் சாய்ப்பதற்கென்றே சில பாம்புகள் தடுப்பான்களை வைத்திருக்கின்றன. பி.பி. மாத்திரையின் கதை அங்கே தொடங்குகிறது.

பிரேசிலின் தென்கிழக்கில் ஜரராக்கா என்று ஒரு விரியன் உண்டு. தோட்டக்காட்டு வேலைக்காரர்களைக் கடிக்கும். கடிபட்டவர்களில் சிலர் ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கி மயங்கி விழுவார்கள். சாவோ பாவ்லோவில் மவுரிசியோ ரோச்சா எ சில்வாவும் அவருடைய சகாக்களும் இந்த நஞ்சை நாயின் ரத்தத்தோடு கலந்து பார்த்தபோது புதிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அது நஞ்சிலிருந்து வரவில்லை, ரத்தத்திலிருந்தே பிறந்தது. நஞ்சின் நொதி, ரத்தத்தில் இருந்த ஒரு பெரிய புரதத்திலிருந்து அதை வெட்டி எடுத்திருந்தது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கும் இந்தப் பொருளுக்கு 1949இல் பிராடிகைனின் என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். ஆனால் பிராடிகைனின் உடம்பில் சில நொடிகளுக்குமேல் தாக்குப்பிடிக்காது. அதை உடனுக்குடன் சிதைக்க உடம்பில் நொதிகள் இருக்கின்றன. அப்படியானால் ஜரராக்கா கடித்தவருக்கு அழுத்தம் ஏன் இறங்கியபடியே இருக்கிறது?

ரோச்சா எ சில்வாவின் மாணவர் செர்ஜியோ ஃபெரேரா 1965இல் இதற்கு விடை கண்டார். பிராடிகைனினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் சிறு பெப்டைடுகள் அதே நஞ்சில் இருந்தன. பாம்பின் திட்டம் இப்போது தெளிவாகிறது. ஒரு கையால் பிராடிகைனினை உற்பத்தி செய்கிறது, மறு கையால் அது அழியாமல் பார்த்துக்கொள்கிறது. ஃபெரேரா அந்தச் சாற்றை எடுத்துக்கொண்டு லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே தெரியவந்தது இன்னும் பெரிய சேதி. உடம்பில் ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சினை உருவாக்கும் நொதியையும் அந்தச் சாறு தடுத்தது. பிராடிகைனினைச் சிதைக்கும் நொதியும் இதுவும் ஒன்றே என்பது பின்னர் உறுதியானது. அந்த நொதியைச் சுருக்கமாக ஏ.சி.இ. என்பார்கள். இதைத் தடுத்தால் அழுத்தத்தை ஏற்றுகிற பொருள் குறையும், இறக்குகிற பொருள் கூடும். ரத்தக் கொதிப்புக்காரருக்கு இரட்டை லாபம்.

அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்துக்கு வேன் ஆலோசகராக இருந்தார். அவர் தூண்டுதலில் மிகுவல் ஒண்டெட்டியும் டேவிட் குஷ்மனும் ஜரராக்காவின் பெப்டைடுகளில் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட டெப்ரோடைடு. நோயாளிகளுக்கு ஊசியாகச் செலுத்தியபோது அழுத்தம் இறங்கியது. வாயால் கொடுத்தால் பயனில்லை, வயிறு அதைச் சாப்பாடாக எண்ணிச் செரித்துவிடும். வாழ்நாள் முழுவதும் கூடவே வரும் வியாதிக்கு ஊசி எப்படிக் கட்டுப்படியாகும்? வேலை கிட்டத்தட்டக் கிடப்பில் போடப்பட்டது.

மறுபடி உயிர் வந்தது 1974இல். மாட்டின் கணையத்தில் உள்ள ஒரு துத்தநாக நொதியைத் தடுக்கும் எளிய மூலக்கூறு பற்றி வேறு இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இவர்கள் கண்ணில் பட்டது. ஏ.சி.இ. நொதியும் துத்தநாகக் குடும்பம்தானே என்று இவர்களுக்குப் பொறி தட்டியது. பாம்பின் பெப்டைடு எந்த முனையால் குழிக்குள் நுழைகிறது என்று பார்த்தார்கள். அங்கே புரோலின் என்ற அமினோ அமிலம் இருந்தது. அந்த முனையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கத்தரித்துவிட்டு, துத்தநாகத்தைப் பற்றுவதற்கு ஒரு கந்தக அணுவைச் சேர்த்தார்கள். 1975இல் கேப்டோபிரில் தயாரானது. 1981இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. பொம்மனஹள்ளிக் கடையில் இன்று விற்கும் ராமிபிரிலும் எனலாபிரிலும் அதன் வழித்தோன்றல்கள். அவற்றில் நஞ்சு ஒரு துளியும் இல்லை. பாம்பிடமிருந்து கடன் வாங்கியது வடிவத்தை மட்டும்தான்.

இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். டாக்டர் உடனே மாத்திரையை மாற்றி டெல்மிசார்ட்டன் மாதிரி ஒன்றை எழுதிக்கொடுப்பார். அந்த இருமலுக்கும் ஜரராக்காதான் சாட்சி. நொதியைத் தடுத்ததால் நுரையீரலில் பிராடிகைனின் தேங்குகிறது, அது தொண்டையைக் கிளறுகிறது. சார்ட்டன் வகை மாத்திரைகள் அந்த நொதியைத் தொடுவதில்லை, ஆகவே இருமலும் அவ்வளவாக இல்லை.

பாம்பும் பிரேசில், கண்டுபிடிப்பின் முதல் பாதியும் பிரேசில். காப்புரிமையும் காசும் அமெரிக்க நிறுவனத்துக்குப் போயின. பிரேசில்காரர்கள் இதை இன்றும் மனக்குறையாகச் சொல்வார்கள். நியாயமான குறை என்றே நினைக்கிறேன்.

மற்ற பாம்புகளிடமும் தடுப்பான்கள் இருக்கின்றன. கண்ணாடி விரியன் நஞ்சிலேயே, டிரிப்சின் முதலிய நொதிகளைத் தடுக்கும் சிறு புரதம் ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்து, 1974இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். இதே வார்ப்பில் அமைந்த புரதம் ஆஸ்திரேலியப் பழுப்புப் பாம்பிடம் உண்டு. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் பிளாஸ்மின் நொதியை அது தடுக்கிறது. அறுவைச் சிகிச்சையில் ரத்தப்போக்கைக் குறைக்க அது உதவுமா என்று பார்த்தார்கள்.

ஆப்பிரிக்காவின் பச்சை மாம்பா செய்யும் காரியம் நம் மருத்துவமனைக்கு நெருக்கமானது. அதன் ஃபாசிகுலின் என்ற புரதம், நரம்பிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோகும் அசிட்டைல்கோலினை அப்புறப்படுத்தும் நொதியை முடக்கிவிடும். சேதி நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்க, தசைகள் துடித்துத் துவளும். வயலுக்கு அடிக்கும் பல பூச்சிமருந்துகள் கொல்வதும் இதே நொதியை முடக்கித்தான். ஆனால் நல்லபாம்பு கடித்து, இமை சரிந்து, மூச்சு திணறுகிறவருக்கு நம் டாக்டர்கள் விஷமுறிவு மருந்தோடு சேர்த்துப் போடும் நியோஸ்டிக்மின் ஊசியும் இதே நொதியைத்தான் தடுக்கிறது. நல்லபாம்பின் நஞ்சு தசையில் சேதி வாங்கும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அசிட்டைல்கோலின் அளவைக் கூட்டினால் அந்த அடைப்பை முட்டித் தள்ளிக்கொண்டு சேதி போய்ச் சேரும். ஆப்பிரிக்காவில் விஷமாக இருக்கும் வித்தை இங்கே வைத்தியமாகிறது. கட்டுவிரியன் கடியில் இந்த ஊசி அவ்வளவாக எடுபடாது. அது சேதி அனுப்பும் நரம்பு நுனியையே சிதைத்துவிடுகிறது.

கீரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாம்போடு சண்டை போட்ட கீரி ஓடிப்போய் ஏதோ வேரைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று நம் ஊரில் சொல்வார்கள். அது வேரைத் தேடி ஓட வேண்டியதில்லை. நம் ஊர்க் கீரியின் ரத்தத்திலேயே விரியனின் துத்தநாக நொதியைப் பிடித்து நிறுத்தும் புரதங்கள் இருப்பதை ஜப்பானில் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பாம்புகளின் சொந்த ரத்தத்திலும் இத்தகைய புரதங்கள் ஓடுகின்றன.

நம் தாவரங்களும் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கின்றன. மைசூர் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை பல ஆண்டுகளாகப் பாம்பு நஞ்சின் நொதிகளை ஆராய்ந்துவருகிறது. தொட்டாற்சிணுங்கி வேர், புளியங்கொட்டை முதலியவற்றின் சாறு சோதனைக் குழாயில் இந்த நொதிகளை அடக்குவதை அங்கே கண்டிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் யாரும் புளியங்கொட்டையை அரைக்கக் கிளம்பிவிடக் கூடாது. குழாயில் நஞ்சோடு நேரடியாகக் கலந்த சாறு நொதியை நிறுத்துவது வேறு. வயிற்றில் போன சாறு குடலைத் தாண்டி, ரத்தத்தில் கலந்து, கடிபட்ட காலை எட்டிப் பிடிப்பது வேறு.

அந்தத் தூரத்தைத் தாண்டக்கூடிய தடுப்பான்கள் இப்போது வரிசையில் நிற்கின்றன. இவற்றில் ஒன்றுகூடப் பாம்புக்கென்று செய்ததல்ல. வாரெஸ்ப்ளாடிப் என்ற மருந்து பாஸ்போலிப்பேஸைத் தடுக்கும்; இதய நோய்க்காகச் சோதித்து, பலனில்லை என்று 2012இல் நிறுத்தினார்கள். மாரிமாஸ்டாட் துத்தநாக நொதியின் குழியை அடைக்கும். புற்றுநோய்க்குச் செய்து தோற்றது. யூனித்தியால் பாதரச விஷத்துக்குக் கொடுக்கும் பழைய மருந்து. தன் கந்தக அணுக்களில் இரண்டைக் கொண்டு துத்தநாகத்தைப் பற்றி இழுத்துக்கொள்ளும். குழவியைத் தூக்கிப் போவதும் குழியை அடைப்பதும் என்று பாம்பின் சுரப்பி கையாளும் அதே இரண்டு வழிகளுக்குத்தான் மனிதரும் சுற்றி வளைத்து வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இவற்றின் மீது இத்தனை நம்பிக்கை வைக்கக் காரணம் இருக்கிறது. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் இன்றைய விஷமுறிவு மருந்து, நஞ்சுப் புரதங்களின் மேற்பரப்பை அடையாளம் கண்டு பிடிக்கிறது. மேற்பரப்பு ஊருக்கு ஊர் மாறும். இந்தியாவில் இந்த மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. தமிழ்நாட்டுப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து நாட்டின் வேறு பகுதிகளில் சில பாம்புகளுக்குத் திறன் குறைவாக இருப்பதை பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில், பழைய ஆட்கள் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் அதே இடத்தில், கார்த்திக் சுனகரின் ஆய்வகம் தொடர்ந்து எடுத்துக்காட்டி வருகிறது. நொதியின் குழி அப்படி மாறுவதில்லை. 2020இல் மாரிமாஸ்டாட்டையும் வாரெஸ்ப்ளாடிப்பையும் சேர்த்துக் கொடுத்தபோது, சுருட்டை விரியன், கண்ணாடி விரியன், மத்திய அமெரிக்க விரியன் என்று வெவ்வேறு நஞ்சு செலுத்திய எலிகள் காப்பாற்றப்பட்டன.

மனிதரிடம் வந்தபோது வேகம் குறைந்தது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் 95 நோயாளிகளிடம் வாரெஸ்ப்ளாடிப் மாத்திரையைச் சோதித்த முடிவு 2024இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்ததில் ஒட்டுமொத்தமாகத் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. கடித்த சில மணி நேரத்துக்குள் மாத்திரை கிடைத்தவர்களிடம் பலன் இருக்கலாம் என்ற அறிகுறி தெரிந்தது. யூனித்தியாலைக் கென்யாவில் ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பாதுகாப்பைச் சோதித்திருக்கிறார்கள். மேலும் ஒரு வரம்பு: நல்லபாம்பின் முக்கிய நரம்பு நஞ்சுகள் நொதியே அல்ல. நஞ்சின் நொதிகளைத் தடுக்கும் எந்த மருந்தும் அவற்றை நிறுத்தாது. அதற்காகத்தான் சுனகரின் ஆய்வகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து குதிரையே தேவைப்படாத செயற்கை எதிர்ப்புரதம் ஒன்றை உருவாக்கி 2024இல் அறிவித்தன.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள், ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலானோர் கிராமத்து ஜனங்கள். விஷமுறிவு மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும், ஒவ்வாமை வந்தால் கவனிக்க டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதுவரை போகும் நேரத்தில்தான் உயிர் போகிறது. வயல் வரப்பிலேயே விழுங்கக்கூடிய மாத்திரைக்கு இந்த நாட்டில் உள்ள தேவை வேறெங்கும் இல்லை. அரசு இதற்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். கர்நாடகம் 2024 பிப்ரவரியில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது, தமிழ்நாடும் அதே ஆண்டில் அறிவித்தது. கணக்காவது சரியாக வரும்.

அந்த மாத்திரை வரும்வரை செய்ய வேண்டியது பழையதுதான். வீட்டில் இருக்கும் பி.பி. மாத்திரை கடிக்கு மருந்தல்ல. ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் அழுத்தத்தை அது இன்னும் இறக்கிவிடும். கடித்த இடத்தைக் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கைகாலை அசைக்காமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருப்பு உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். உங்கள் பகுதியில் அது எந்த மருத்துவமனை என்று இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.